ஆங்கிலத்தில் ஜப்பானியக் கதைகளும் படக்கதைகளும்: ஒரு பதிப்பு வரலாறு

தோற்றுவாய்

ஒரு மொழியின் நூலை மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்பவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே என்று கருதுவது நம்மிடையே உள்ள வழக்கம். ஆதலின், சொல் பொருந்தியதா, நடை பொருந்தியதா என்று அவர் பணியையே நாம் ஆராய்கின்றோம். ஆயின், எந்நூலைப் பெயர்ப்பது, எவ்வளவு பெயர்ப்பது, எவ்வடிவில் அச்சிடுவது, எவர் கையில் சேர்ப்பது என்னும் நான்கையும் பெரும்பாலும் முடிவு செய்பவர் அவர் அல்லர், பதிப்பாளரே. இவ்வுண்மையை ஐயமற விளக்க வல்லது, ஜப்பானியக் கதைநூல்களும் படக்கதைகளும் ஆங்கிலம் புகுந்த வரலாறு.

இவ்வரலாறு தமிழ் ஆய்வார்க்கு எற்றுக்கு எனின், காரணம் இரண்டு கூறலாம். ஜப்பானிய நாவல்கள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கில வழியே வந்தன. ஆங்கிலப் பதிப்பாளர் திறந்த வாயில் எதுவோ, அவ்வாயில் வழியாகவே நாமும் ஜப்பானைக் கண்டோம் என்பது முதற் காரணம். மொழிபெயர்ப்பைப் பற்றி நம் இலக்கணம் கூறும் ஒரு பாகுபாடு இவ்வரலாற்றை விளக்குதற்கு நன்கு பயன்படுகின்றது என்பது இரண்டாவது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை வகைப்படுத்துங்கால், மொழிபெயர்த்தலை ஒரு வகையாகவும், தொகுத்தலையும் விரித்தலையும் வேறு வகைகளாகவும் வைக்கின்றது. பெயர்த்தல் வேறு, சுருக்கல் வேறு என்பது அந்நூலின் தெளிவு. ஆங்கிலப் பதிப்புலகம் இவ்விரண்டையும் பலகால் ஒன்றாக்கியது. ஒன்றாக்கியதை வாசகர்க்கு எப்போதும் உரைத்ததும் இல்லை. இதனை இனிக் காண்போம்.

தொடக்க முயற்சிகள்

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாக்கி ஷிக்கிபு என்னும் அரசவைப் பெண்மணி இயற்றிய பெருங்கதை 'கெஞ்ஜி மொனோகத்தாரி'. இதன் முதற் பதினேழு இயல்களைச் சுயெமட்சு கென்ச்சோ 1882இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். எனினும், ஆங்கில வாசகர் உள்ளத்தில் அக்கதையை நிலைநிறுத்தியவர் ஆர்தர் வெய்லி. அவருடைய பெயர்ப்பு 1925 முதல் 1933 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஜப்பானுக்கு ஒருமுறையேனும் செல்லாத வெய்லி, ஆங்கில உரைநடையின் அழகு முழுதும் பொருந்த அதனை இயற்றினார். ஆயினும், முப்பத்தெட்டாம் இயலை அவர் பெயர்க்காது விட்டார். வேறு சில இடங்களிலும் தம் உள்ளம் சென்றவழிச் சென்றார். முழுமை நோக்கிய பெயர்ப்பைச் சைடன்ஸ்டிக்கர் 1976இலும், ராயல் டைலர் 2001இலும் தந்தனர். விடப்பட்ட ஓர் இயலைத் தன்னுட்கொண்ட முழுநூல் வருதற்கு இவ்வாறு பல ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைக்காலத்து வாசகர் தாம் படித்ததே கெஞ்ஜியின் கதை என்று எண்ணினரேல், அது அவர்தம் குற்றம் அன்று.

போருக்குப் பிந்திய தெரிவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஜப்பானியப் புதின இலக்கியம் ஒரு திட்டத்தோடு ஆங்கிலத்திற்கு வரலாயிற்று. அதற்குக் காரணமாயிருந்தவர், நியூயார்க்கு நகரத்து க்னாப் பதிப்பகத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் ஹெரால்ட் ஸ்ட்ராஸ். போர்க்காலத்தில் ஜப்பானிய மொழி பயின்ற அவர், 1955இல் ஓசராகி ஜிரோவின் ஒரு நாவலையும் தனிசாக்கி ஜுனிச்சிரோவின் ஒரு நாவலையும் வெளியிட்டு இப்பணியைத் தொடங்கினார். 1956இல் கவபாத்தா யசுனாரியின் 'பனி நாடு', 1957இல் தனிசாக்கியின் 'மக்கியோக்கா சகோதரிகள்', 1959இல் மிஷிமா யுக்கியோவின் 'பொற்கோயில்' எனத் தொடர்ந்து நூல்கள் வந்தன. பிற பதிப்பகங்களும் இவ்வழிச் சென்றன. டொனால்ட் கீன் தொகுத்த இலக்கியத் திரட்டுகளைக் குரோவ் பதிப்பகம் 1955இலும் 1956இலும் வெளியிட்டது. தசாய் ஒசாமுவின் நாவலை அவரே பெயர்க்க நியூ டைரக்ஷன்ஸ் பதிப்பகம் 1956இல் அச்சிட்டது.

இப்பெயர்ப்பாளர் எவ்விடத்து ஜப்பானிய மொழி கற்றனர் என்பது நினைக்கத்தக்கது. சைடன்ஸ்டிக்கரும் கீனும் அமெரிக்கக் கடற்படை நடத்திய ஜப்பானிய மொழிப் பள்ளியில் பயின்றவர்கள். பகைவன் மொழியை அறிந்து போரை வெல்லுதற்கென அமைந்த பள்ளி, போர் முடிந்தபின் அப்பகைவன் இலக்கியத்தை உலகிற்கு வழங்கும் அறிஞரைத் தந்தது. வரலாற்றில் இத்தகைய நற்பயன் அரிதாகவே நிகழ்கின்றது.

ஆயினும், இத்தெரிவிற்கு ஓர் எல்லை இருந்தது. தனிசாக்கி, கவபாத்தா, மிஷிமா என்னும் மூவரே ஜப்பானிய இலக்கியத்தின் முகமாக ஆங்கில வாசகர் முன் நின்றனர். மறைந்துவரும் அழகுக்கு இரங்குதல், சொல்லாது உணர்த்துதல், பழமையின் மணம் ஆகியனவே ஜப்பானியம் எனப்பட்டன. எட்வர்ட் ஃபவுலர் 1992இல் எழுதிய கட்டுரை ஒன்று, இம்முகம் இயல்பாக அமைந்தது அன்று, பதிப்பாளரின் தெரிவால் அமைந்தது என்பதை ஆராய்ந்து காட்டியது. தொழிலாளர் வாழ்வைப் பாடிய எழுத்தும், நகைச்சுவை எழுத்தும், பெண்டிர் எழுத்தும் அக்காலத்தில் அதே அளவிற்கு இடம் பெற்றில. எஞ்சி ஃபுமிக்கோ 1957இல் நிறைவு செய்த சிறந்த நாவல் 1971இலேயே ஆங்கிலத்தில் வந்தது. அதனை வெளியிட்டதும் அமெரிக்கப் பதிப்பகம் அன்று. ஜப்பானியரே 1963இல் தோக்கியோவில் நிறுவிய கோடன்ஷா இன்டர்நேஷனல்.

சொல்லளவில் நிகழ்ந்த மாற்றங்களையும் ஈண்டு நோக்குதல் தகும். தனிசாக்கி தம் நாவலுக்கு இட்ட பெயர் 'சசமேயுக்கி'. மெல்லெனப் பொழியும் பனி என்பது அதன் பொருள். கதையின் மூன்றாம் உடன்பிறந்தாளாகிய யுக்கிக்கோவின் பெயரிலும் பனியைக் குறிக்கும் சொல் உண்டு. தலைப்பும் தலைவியும் ஒரு சொல்லால் பிணைக்கப்பட்ட இந்நயம் ஆங்கிலத் தலைப்பில் இல்லை. 'பனி நாடு' நாவலின் முதல் தொடரோ இன்னும் நுண்ணியது. மூலத்தில் எழுவாய் வெளிப்பட நிற்பதில்லை. மலைக்குகையைக் கடந்து பனி நாட்டை அடையும் செயல் மட்டுமே உண்டு. ஆதலின், படிப்பவர் வண்டியின் உள்ளே அமர்ந்து வெளியே வருகின்றார். ஆங்கிலத் தொடர்க்கு எழுவாய் இன்றியமையாதது ஆகலின், சைடன்ஸ்டிக்கர் 'தொடர்வண்டி' என்பதை எழுவாயாக்கினார். உடனே படிப்பவர் வண்டியினின்று இறங்கி, வெளியே நின்று அதனைக் காண்பவர் ஆகிவிட்டார். தோன்றா எழுவாயை நாளும் ஆளும் தமிழர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அம்மொழியை நேரே கற்ற ஒருவர் அத்தொடரைத் தமிழாக்கின், படிப்பவரை வண்டியினுள்ளேயே இருத்தலாம். ஆங்கிலத்தினின்று பெயர்ப்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. இஃது ஆங்கிலப் பெயர்ப்பாளர் பிழை அன்று, அம்மொழியின் இயல்பு. 1968இல் நோபல் பரிசு பெற்ற கவபாத்தா, அப்பெருமையில் சைடன்ஸ்டிக்கருக்கும் பங்குண்டு என்று போற்றியமை யாவரும் அறிந்தது.

சுருக்கிய நூலும் அதன் விளைவும்

மொழியியல்பால் நேரும் இழப்பு வேறு. வணிகத்தால் நேரும் இழப்பு வேறு. பின்னதற்கு முரகாமி ஹருக்கியின் நாவல் சான்றாகும். மூன்று பாகங்களாக ஜப்பானில் வெளிவந்த அவருடைய 'சாவிப் பறவை' நாவலை ஜே ரூபின் பெயர்க்க, க்னாப் பதிப்பகம் 1997இல் வெளியிட்டது. நூலின் அளவு பற்றிப் பதிப்பகம் வகுத்த வரம்பை முன்னிட்டு, இரண்டாம் மூன்றாம் பாகங்களிலிருந்து சில பகுதிகள் நீக்கப்பட்டன. சில இயல்கள் இடம் மாறின. ரூபின் இதனை மறைத்தாரல்லர். பின்னர்த் தாமே விளக்கமாக எழுதியுள்ளார். ஆயினும், நூலை வாங்கிய வாசகர் முழுநூலையே பெற்றதாகக் கருதினர்.

இதன் விளைவு ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. அந்நாவலின் ஜெர்மானியப் பெயர்ப்பு ஜப்பானிய மூலத்தினின்று செய்யப்படாமல் ஆங்கிலத்தினின்றே செய்யப்பட்டது. எனவே, நியூயார்க்கில் வெட்டிய பக்கங்கள் ஜெர்மனியிலும் இல்லாமற் போயின. முரகாமியின் மற்றொரு நாவலும் அவ்வாறே ஆங்கில வழி ஜெர்மன் மொழிக்குச் சென்றது. 2000இல் தொலைக்காட்சி இலக்கிய உரையாடல் ஒன்றில் அந்நாவல் குறித்து எழுந்த பூசல், இவ்வழக்கத்தைப் பலரும் அறியச் செய்தது. ஒரு பதிப்பறையில் நிகழ்ந்த சுருக்கம், எத்தனை மொழிகளின் வாசகரைச் சென்று சேர்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

படக்கதையின் வருகை

ஜப்பானியர் 'மங்கா' என வழங்கும் படக்கதை ஆங்கிலத்திற்கு வந்த வரலாறு இதனினும் சுவையானது. அதன் தொடக்கத்தில் வணிகம் இல்லை, அறம் இருந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது ஆறு அகவைச் சிறுவனாயிருந்து உயிர் பிழைத்தவர் நக்கசாவா கெய்ஜி. தந்தையையும் உடன்பிறந்தாரையும் இழந்த அவர், 1973 முதல் 'ஹதாஷி நோ கென்' என்னும் தொடரை வரைந்தார். 'வெறுங்காற் கென்' என்பது அதன் பொருள். இத்தொடரை உலகம் அறிதல் வேண்டும் என்று விழைந்த தன்னார்வலர் சிலர் 1976இல் தோக்கியோவில் ஒன்றுகூடி, ஊதியம் கருதாது பெயர்த்து, 1978இல் முதல் ஆங்கிலத் தொகுதியை வெளிக்கொணர்ந்தனர்.

வணிக முறையிலான வெளியீடு 1987இல் தொடங்கிற்று. ஜப்பானிய ஷோகக்குகான் பதிப்பகத்தின் ஆதரவோடு சான் பிரான்சிஸ்கோவில் நிறுவப்பட்ட விஸ் நிறுவனம், எக்லிப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து அவ்வாண்டு மூன்று தொடர்களை வெளியிட்டது. கொய்க்கே கசுவோ எழுதக் கொஜிமா கோசெக்கி வரைந்த 'தனி ஓநாயும் குட்டியும்' என்னும் தொடரும் அவ்வாண்டே வேறொரு நிறுவனத்தால் வரலாயிற்று. அந்நிறுவனம் அதனை முடிக்கவில்லை; டார்க் ஹார்ஸ் நிறுவனமே 2000 முதல் 2002 வரை 28 தொகுதிகளில் அதனை நிறைவு செய்தது. ஓட்டோமோ கத்சுஹிரோவின் 'அக்கிரா' 1988இல் மார்வெல் நிறுவனத்தின் ஒரு கிளையால் வெளியிடப்பட்டது. கறுப்பு வெள்ளையில் வரையப்பட்ட அதற்கு, அமெரிக்க வாசகர் பழக்கம் கருதிக் கணிப்பொறியின் துணையால் வண்ணம் தீட்டப்பட்டது.

கண்ணாடியிற் கண்ட பக்கம்

இங்கு ஒரு பெருந்தடை எழுந்தது. ஜப்பானியப் படக்கதை வலமிருந்து இடமாகச் செல்வது. ஆங்கில எழுத்தோ இடமிருந்து வலமாகச் செல்வது. பதிப்பாளர் இதற்குக் கண்ட வழி, ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடியில் தோன்றும் உருவம்போல் இடவலம் மாற்றி அச்சிடுதல். வாசகர்க்கு எளிமை வந்தது. படத்திற்குத் தீங்கு வந்தது. வலக்கையில் வாள் ஏந்திய வீரர் அனைவரும் இடக்கை வீரர் ஆயினர். இதனினும் கொடியது உடையின்கண் நேர்ந்த பிழை. கிமோனோ அணியும் ஜப்பானியர், இடப்புற மடிப்பு மேலே அமையுமாறு உடுத்துவர். வலப்புற மடிப்பை மேலாக உடுத்துவது பிணத்திற்கே உரியது. பக்கம் திருப்பப்பட்டவுடன் கதையில் வாழும் மாந்தர் எல்லாரும் பிணக்கோலம் பூண்டனர். ஆங்கில வாசகர் பலர் இதனை அறியார். வரைந்த ஓவியரோ நன்கு அறிவார்.

சமுரா ஹிரோவாக்கியின் 'சாவிலான் வாள்' என்னும் பொருளுடைய தொடர் 1996இல் ஆங்கிலத்தில் வந்தபோது இத்தடை முற்றியது. அக்கதைத் தலைவன் தன் உடையின் முதுகில் 'மன்ஜி' என்னும் பௌத்த நற்குறியைத் தாங்குபவன். பக்கத்தைத் திருப்பின் அது நாஜிகளின் சின்னம்போல் தோன்றும். ஆகவே, அந்நூலில் பக்கங்களைத் திருப்பாது, படக்கட்டங்களைத் தனித்தனியே வெட்டி இடம் மாற்றி ஒட்டினர். மூலத்தைக் காக்கும் எண்ணம் இதில் உண்டு. ஆனால், ஓவியர் ஒரு பக்கம் முழுவதையும் நோக்கி அமைத்த அமைதி சிதைந்தது.

படக்கதையில் ஒலிக்குறிப்புச் சொற்களும் படத்தின் உறுப்புகளே. ஜப்பானிய மொழி அத்தகைய சொற்களில் செழித்தது. ஒலியைக் குறிக்கும் சொற்கள் மட்டுமன்றி, ஒலியில்லாத நிலையைக் குறிக்கும் சொற்களும் அதில் உண்டு. முழு அமைதியைக் காட்ட 'ஷீன்' என எழுதுவர். இசையும் குறிப்பும் பற்றி வரும் உரிச்சொற்களையும் இரட்டைக்கிளவியையும் கற்ற நம் மாணவர்க்கு இவ்வியல்பு எளிதில் விளங்கும். ஆங்கிலத்தில் அமைதிக்கு அத்தகைய பழகிய ஒலிக்குறிப்பு இல்லை. சில பதிப்பாளர் அவ்வெழுத்துகளை அழித்து ஆங்கில ஒலிகளை வரைந்தனர்; சிலர் அவற்றை அவ்வாறே விட்டு அருகில் சிறு விளக்கம் இட்டனர். முன்னையது படத்தைக் குறைத்தது. பின்னையது படிப்பின் ஓட்டத்தைக் குறைத்தது.

வாசகர் திரும்பிய காலம்

மாற்றம் 1998இல் தொடங்கி 2002இல் உறுதிப்பட்டது. 1998இல் விஸ் நிறுவனம் தோரியாமா அக்கிராவின் 'டிராகன் பால்' தொடரை வலமிருந்து இடமாகவே வெளியிட்டது. 2002இல் டோக்கியோபாப் நிறுவனம் தன் படக்கதைகளை மூலத்தின் திசையிலேயே அச்சிடுவதாக அறிவித்துப் பத்து டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் சிறு நூல்களாக விற்கலாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் விஸ் தொடங்கிய ஆங்கில 'ஷோனென் ஜம்ப்' மாத இதழும் அத்திசையிலேயே அமைந்தது. ஆங்கில நூலின் முதற்பக்கம் இருக்கவேண்டிய இடத்தில், நூலை மறுபுறத்திலிருந்து தொடங்குமாறு கூறும் ஓர் அறிவிப்பும், கட்டங்களை எவ்வரிசையில் படிப்பது எனக் காட்டும் படமும் இடம்பெற்றன.

பதினைந்து ஆண்டுகளாகப் பதிப்பாளர் எதனை இயலாது என்று கருதினரோ, அதனைச் சிறுவரும் சிறுமியரும் அவ்வொரு பக்க விளக்கத்தைக் கண்ட அளவிலே கற்றனர். வாசகரின் ஆற்றலைக் குறைவாக மதிப்பிட்டமையே அத்தனை பக்கங்களும் திருப்பப்பட்டதற்குக் காரணம் என்பது இதனால் புலனாகும். இவ்வாய்வில் நாம் வற்புறுத்த விழையும் கருத்தும் இதுவே: வாசகர்க்கு இயலாது என்னும் முடிவு, வாசகரைக் கேட்டுச் செய்யப்பட்டது அன்று.

ஆயினும், இம்மாற்றத்தைத் தூய பற்றின் விளைவு என்று மட்டும் கூறுதல் உண்மைக்கு மாறாகும். பக்கம் திருப்புதற்குப் பொருளும் காலமும் உழைப்பும் வேண்டும்; திருப்பாவிடில் அவை மிஞ்சும். குறைந்த விலைக்கும் நூல்கள் விரைந்து வெளிவருதற்கும் இச்சிக்கனம் துணை செய்தது. மேலும், மூல வடிவம் என்னும் பெயர் பக்கத்தின் திசைக்கே உரியது, சொல்லுக்கு உரியது அன்று. டோக்கியோபாப் நிறுவனம் வெளியிட்ட ஆங்கில 'செய்லர் மூன்' கதைத் தலைவியின் பெயர் ஜப்பானிய மூலத்தில் உசாகி. முயல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அவள் 'பன்னி' ஆனாள். பொருள் நின்றது, பெயர் போயிற்று. திசையைக் காத்தவர் யாவரும் சொல்லையும் காத்தவர் ஆகார் என்பதை ஆய்வாளர் மறத்தல் கூடாது.

அண்மைக் காலம்

இதனிடையே வாசகரே பதிப்பாளரானதும் நிகழ்ந்தது. 1990களின் இறுதி முதல், ஆர்வலர் குழுவினர் இசைவு பெறாமலே படக்கதைகளைப் படியெடுத்து, பெயர்த்து, இணையத்தில் பரப்பினர். ஓவியர்க்கு வருவாய் இழப்பு நேர்ந்தமையின் இதனை நாம் போற்றுதற்கில்லை. எனினும், ஜப்பானில் வெளியான கதை ஆங்கிலத்தில் வருதற்கு ஆண்டுகள் பல கழிந்தமையே இதற்கு இடந்தந்தது என்பதை மறுத்தற்கும் இல்லை. ஷுவெய்ஷா பதிப்பகம் 2019இல் தொடங்கிய மங்கா பிளஸ் என்னும் சேவை, தன் இதழ்த் தொடர்களின் புதிய இயல்களை ஜப்பானில் வெளிவரும் நாளிலேயே ஆங்கிலத்திலும் தந்து இக்குறையை நீக்க முற்பட்டது. இளையோர்க்கான சிறு நாவல்களை இயல் இயலாகப் பெயர்த்து வழங்க 2016இல் தோன்றிய ஜே-நாவல் கிளப் என்னும் நிறுவனமும் இவ்வகையினதே; அது 2021இல் ஜப்பானியக் கடோகாவாவின் உடைமையாயிற்று.

இதனால் அதிகாரம் இடம் மாறிற்று. கோடன்ஷா 2009இல் டோக்கியோபாப் நிறுவனத்திற்கு அளித்திருந்த உரிமங்களைப் புதுப்பிக்காது விடுத்தது. 2011இல் போர்டர்ஸ் என்னும் பெரும் புத்தகக்கடைத் தொடர் வீழ்ந்தது, டோக்கியோபாப் அமெரிக்கப் பதிப்புப் பணியை அவ்வாண்டு நிறுத்தியது, பின்னரே மீண்டது. எதனைத் தருவது என்று 1955இல் நியூயார்க்கில் ஸ்ட்ராஸ் தெரிந்தெடுத்தார். இன்று பெரும்பகுதிப் படக்கதைகளைத் தோக்கியோவின் பெரும்பதிப்பகங்களே தம் கிளைகள் வழித் தருகின்றன. நாவல் துறையிலும் பழைய முகம் மாறியுள்ளது. தவாதா யோக்கோவின் நாவல் 2018இலும், யு மிரியின் நாவல் 2020இலும் பெயர்ப்பிலக்கியத்திற்கான அமெரிக்கத் தேசிய நூற்பரிசைப் பெற்றன. இருவரும் பெண்டிர், இரங்கும் அழகை மட்டும் எழுதுபவர் அல்லர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். பெயர்ப்பு நூலின் தன்மையை மொழிபெயர்ப்பாளரோடு பதிப்பாளரும் வகுக்கின்றார். மொழியியல்பால் வரும் மாற்றத்தையும் வணிகத்தால் வரும் மாற்றத்தையும் ஆய்வாளர் பிரித்தறிதல் வேண்டும். வாசகர் பொறார் என்று அஞ்சிச் செய்த மாற்றங்களுட் சில, வாசகர் எளிதிற் பொறுக்கத்தக்கனவே என்பதை வரலாறு மெய்ப்பித்தது.

நம் கடமை யாது? பெயர்த்தலையும் தொகுத்தலையும் வேறு வேறாக வைத்த இலக்கணம் நம்முடையது. ஆதலின், தமிழில் வரும் ஒவ்வொரு பெயர்ப்பு நூலும் தன் முகப்பிலேயே எம்மொழியினின்று பெயர்க்கப்பட்டது, முழுமையானதா, சுருக்கப்பட்டதா என்பதைக் கூறுதல் வேண்டும். ஆங்கில வழி வந்த ஜப்பானிய நூலை ஆராயும் மாணவர், அதன் ஆங்கிலப் பதிப்பின் வரலாற்றையும் உடன் ஆராய்தல் வேண்டும். ஜப்பானிய மொழியை நேரே கற்றுப் பெயர்ப்பவர் நம்மிடையே பெருகும் நாளில் இவ்விடைவழி தேவைப்படாது. அந்நாள் வரை, கண்ணாடியிற் காண்பது கண்ணாடியிற் காண்பதே என்னும் தெளிவோடு படிப்போமாக.